சுவரில் தொங்கும் லம்போர்கினி ஜீப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஊபியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், பணம் கட்டும் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்குகிறது. மணல்மேட்டின் மேல் கோணல்மாணலாக ஏறி நிற்கும் ஒரு கறுப்பு வண்டி. பார்த்தால் ராணுவ லாரிக்குப் பிறந்த ஜீப் மாதிரி இருக்கும். முகப்பில் லம்போர்கினியின் காளை. வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கைப்பேசியில் சலிப்புத் தட்டியதும் தலையைத் தூக்கி அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். உடனே கேள்வி வரும். பல வருடங்களாகப் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். "மாமா, இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டால் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பலாமே" என்றான் அக்கா மகன். எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, இது நெசமாவே லம்போர்கினியா? இல்ல யாராச்சும் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்களா?

அசல் லம்போர்கினிதான். பெயர் எல்எம்002. 1986 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் மோட்டார் கண்காட்சியில் விற்பனைக்கான வடிவத்தில் வந்தது, 1990களின் தொடக்கம்வரை தயாரிப்பில் இருந்தது. இத்தாலியில் சான்ட் அகதா பொலொனீசே என்ற சிற்றூரில், கூன்டாஷ் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்த அதே தொழிற்சாலையில் பிறந்த வண்டி.

எஸ்யூவி என்ற சொல்லே நம் ஊரில் புழக்கத்துக்கு வராத காலம் அது. அதனால் இதை ஜீப் என்பதா, பிக்கப் என்பதா என்று அப்போது பார்த்தவர்களுக்கே குழப்பம்தான். பின்பக்கம் திறந்த தொட்டி, முன்பக்கம் தோல் இருக்கை, மரப் பலகை, ஏர்கான். இரண்டு வண்டிகளை நடுவில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

ஸ்போர்ட்ஸ் கார் செய்ற கம்பெனிக்கு ஜீப்பு எதுக்கு அங்கிள்?

ராணுவத்துக்கு விற்கத்தான். லம்போர்கினி 1963இல் தொடங்கிய கம்பெனி. அதை ஆரம்பித்த ஃபெருச்சோ லம்போர்கினி அடிப்படையில் டிராக்டர் தயாரிப்பாளர். 1972இல் பெரும் பங்கையும் இரண்டு வருடத்தில் மீதியையும் விற்றுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியில், 12 சிலிண்டர் இன்ஜின் வைத்த கார்களை வாங்க ஆள் குறைந்துபோனது. சம்பளம் போட வேறு வேலை தேவைப்பட்டது.

அப்போது கலிஃபோர்னியாவிலிருந்த மொபிலிட்டி டெக்னாலஜி இண்டர்நேஷனல் என்ற நிறுவனத்தோடு கைகோத்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு வேகமான பாலைவன வண்டி செய்து விற்பது திட்டம். 1977 ஜெனீவா கண்காட்சியில் 'சீட்டா' என்ற பெயரில் அது வந்தது. கதவே இல்லாத, பின்பக்கம் கிரைஸ்லரின் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் வைத்த வண்டி. படத்திலிருக்கும் எல்எம்002க்கு இது பாட்டன் முறை.

அந்த சீட்டா ஏன் எடுபடல?

முதல் கோளாறு இன்ஜின் இருந்த இடம். கனமான வி8 பின்சக்கரங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்ததால் வண்டியின் முன்பக்கம் லேசாகிவிட்டது. மணலில் வளைத்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. நம் பட்டறையில் லாரி ஓட்டுபவர்களிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவையில்லை. பின்பாரம் ஏற்றிய லாரியின் ஸ்டீயரிங் எப்படி மிதக்கும் என்று அவர்களுக்கே தெரியும். வாங்குவார்கள் என்று நம்பிய அமெரிக்க ராணுவமும் வாங்கவில்லை. சில வருடம் கழித்து, 1983இல், ஹம்வீ என்ற ராணுவ வண்டியைச் செய்யும் ஒப்பந்தம் ஏஎம் ஜெனரல் நிறுவனத்துக்குப் போனது.

இதைவிடப் பெரிய அடி வேறு பக்கமிருந்து வந்தது. அதே சமயத்தில் பிஎம்டபிள்யூவின் எம்1 காரைச் செய்து கொடுக்கும் வேலையும் லம்போர்கினியிடம் இருந்தது. வேலை நகரவில்லை, 1978இல் பிஎம்டபிள்யூ ஒப்பந்தத்தைப் பறித்துக்கொண்டது. ஜீப்பும் போச்சு, எம்1 வேலையும் போச்சு. அந்த வருடமே கம்பெனி திவாலானது.

திவாலான கம்பெனி எப்படிங்க மறுபடியும் ஜீப்பு செஞ்சுச்சு?

மிம்ரான் சகோதரர்கள் என்ற பணக்காரர்கள் 1980களின் தொடக்கத்தில் கம்பெனியைக் கையில் எடுத்தார்கள். கட்டின விலை சுமார் 30 லட்சம் அமெரிக்க டாலர். ஜீப் ஆசை அவர்களையும் விடவில்லை. 1981 ஜெனீவாவில் எல்எம்001 வந்தது. அதிலும் இன்ஜின் பின்பக்கம்தான், அதே நோய்தான்.

அப்புறம்தான் புத்தி வந்தது. மசெராட்டியில் பெயர் வாங்கிவிட்டு இங்கே வந்திருந்த பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரியின் பொறுப்பில் இன்ஜினை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். 1982இல் காட்டிய அந்த மாதிரிக்கு எல்எம்ஏ என்று பெயர். கடைசி எழுத்து இத்தாலிய மொழியில் 'முன்பக்கம்' என்பதைக் குறிக்கிறது. கூன்டாஷில் இருந்த வி12 இன்ஜினையே தூக்கி அதில் வைத்தார்கள். நான்கு வருடம் அதைச் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் வந்ததுதான் சுவரில் தொங்குவது. நடுவில் 3.6 லிட்டர் டீசல் இன்ஜின் வைத்து எல்எம்003 என்றும் ஒன்று சோதித்துப் பார்த்தார்கள். அவ்வளவு கனத்தை இழுக்க அந்த டீசலால் முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

பெட்ரோல் எவ்ளோ குடிக்கும்? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

டாக்சி ஓட்டும் ஒரு அண்ணன் கேட்டது. அவர் முகம் எப்படி மாறப்போகிறது என்று தெரிந்தே பதில் சொன்னேன். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கிடைத்தால் சாமி புண்ணியம். 5.2 லிட்டர் வி12, ஆறு வெபர் கார்புரேட்டர், சுமார் 450 குதிரைத்திறன், வண்டி கனம் ஏறக்குறைய 2,700 கிலோ. வேறு எப்படி இருக்கும்? பானட்டின் மேல் ஒரு கூன் தெரிகிறதே, அது அழகுக்கு வைத்ததல்ல, உள்ளே இருக்கும் கார்புரேட்டர்களுக்கு இடம் விட்டது. இவ்வளவு கனத்தோடும் மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டும்.

பெட்ரோல் தொட்டி 290 லிட்டர். நம் ஊர் விதி நினைவிருக்கிறதா? உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ ஜோகூர் போகும் சிங்கப்பூர் காரில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இந்த வண்டிக்கு முக்கால் தொட்டி என்றால் 217 லிட்டருக்கு மேல். லிட்டர் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தாலே 650 வெள்ளி. பாலத்தைத் தாண்டிப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வர இது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த டயர் எந்த லாரியோடது?

எந்த லாரியுடையதும் இல்லை. மணலில் மிதக்கவும் வேண்டும், தார்ச்சாலையில் 200இல் போனால் பிய்ந்துபோகவும் கூடாது. அப்படி ஒரு டயர் உலகத்திலேயே அப்போது இல்லாததால், பிரெல்லி இந்த வண்டிக்காகவே ஒன்றைச் செய்தது. 345 மில்லிமீட்டர் அகலம். அதற்கு வைத்த பெயர் ஸ்கார்ப்பியன். இன்று உங்கள் எஸ்யூவிக்கு மாட்டுகிற பிரெல்லி டயரில் ஸ்கார்ப்பியன் என்று எழுதியிருந்தால், அந்தப் பெயரின் தொடக்கம் இதுதான். வண்டி போய்விட்டது, டயரின் பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

மொத்தமா எத்தன வண்டி வித்தாங்க? ஒரு எடத்துல 300ங்கறான், இன்னொரு எடத்துல 328ங்கறான்.

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. கம்பெனி தன் வரலாற்றைச் சொல்லும்போது 300 என்கிறது. கார் பிரியர்கள் வட்டாரத்தில் 328 என்ற கணக்கு ஓடுகிறது. நான் ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரிடம் '328, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்று அடித்துச் சொல்லி, அவர் கைப்பேசியில் கம்பெனியின் பக்கத்தையே திறந்து காட்ட, அசடு வழிந்திருக்கிறேன். அன்றிலிருந்து 'ஏறக்குறைய 300' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

எதை எடுத்தாலும் கணக்கின் போக்கு மாறாது. ஏழு வருடம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 43 முதல் 47 வண்டி. வாரத்துக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை.

அப்ப அது ஃபெயிலியர்தானே? ஏன் அத மாட்டி வச்சிருக்கீங்க?

இங்கேதான் நான் கொஞ்சம் வாதாடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 300 என்ற எண்ணை டொயோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். அதைச் செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லம்போர்கினியின் புகழ்பெற்ற கூன்டாஷ் 1974 முதல் 1990 வரை ஓடியது. அந்தப் பதினாறு வருடத்தில் மொத்தம் செய்தது சுமார் 2,000. வருடத்துக்கு 125. உலகத்துப் பையன்கள் எல்லாம் சுவரில் ஒட்டிய கார், அதற்கே அவ்வளவுதான். அந்தக் கணக்கில் இந்த ஜீப்பின் வருட விற்பனை கூன்டாஷில் மூன்றில் ஒரு பங்கு. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் அதன் விலை 1 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவ்வளவு மோசமில்லை.

தோற்றது எங்கே என்றால், போட்ட திட்டத்தில். சீட்டா பற்றி மேலே சொன்னேன், அது ராணுவத்துக்கென்று தொடங்கியது. ராணுவம் மொத்தமாக எடுத்தால்தான் அச்சு, கருவி, சோதனை என்று போட்ட காசு திரும்பும். அந்த மொத்த ஆர்டர் பெரிதாக வராததால், மிச்சப்பட்ட யோசனையைத் தோல் இருக்கை போட்டுப் பணக்காரர்களுக்கு விற்றார்கள். கல்யாணத்துக்குச் சமைத்த சோற்றை வாசலில் பொட்டலம் கட்டி விற்ற மாதிரி. பொட்டலம் எல்லாம் விற்றுப்போனது, ருசியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணச் செலவுக்கு அது கட்டுமா?

யாரெல்லாம் வாங்கினாங்க?

வளைகுடா நாட்டுப் பணக்காரர்கள், ஹாலிவுட் ஆட்கள், குத்துச்சண்டைக்காரர்கள். சில்வெஸ்டர் ஸ்டாலோன், மைக் டைசன், பாடகி டினா டர்னர் மூவரிடமும் இருந்தது. 'ராம்போ லாம்போ' என்று இதற்குப் பட்டப்பெயரே உண்டு.

ஒன்றின் கதை மட்டும் வேறு மாதிரி. சதாம் உசேனின் மகன் உதய் உசேனிடம் ஒரு எல்எம்002 இருந்தது. 2004இல் ஈராக்கில் அமெரிக்கப் படையினர், கார் குண்டு வெடித்தால் எப்படிச் சிதறும் என்று சோதிக்க ஒரு வண்டி தேடினார்கள். கிடைத்தது அது. வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். உலகத்தில் முந்நூறு இருக்கும் வண்டியில் ஒன்று அப்படிப் போனது. பட்டறைக்காரன் எவனும் இதைக் கேட்டு ஒரு நிமிடம் பேசாமல்தான் இருப்பான்.

புருணை சுல்தான்கிட்ட இல்லாமலா இருக்கும்?

சரியான ஊகம். புருணை அரச குடும்பத்துக்காக ஒரு எல்எம்002இன் பின்பக்கத் தொட்டியை எடுத்துவிட்டு, மேலே கூரை நீட்டி, ஸ்டேஷன் வேகன் போல மாற்றினார்கள். அழகு என்று சொல்ல மனம் வரவில்லை, பெரிய வண்டி என்று சொல்லலாம்.

அந்தக் குடும்பம் எஸ்யூவி விஷயத்தில் காலத்துக்கு முந்தியது. 1990களிலேயே பென்ட்லியிடம் சொல்லி டாமினேட்டர் என்ற பெயரில் எஸ்யூவி செய்து வாங்கினார்கள். பென்ட்லி பெண்டெய்கா என்று ஊருக்கெல்லாம் எஸ்யூவி விற்கத் தொடங்கியது 2015க்குப் பிறகுதான்.

இவ்ளோ சொல்றீங்க, அப்ப ஏன் நிறுத்திட்டாங்க?

முதலாளி மாறிக்கொண்டே இருந்ததால். 1987இல் மிம்ரான்களிடமிருந்து கிரைஸ்லர் வாங்கியது. கிரைஸ்லர் அதே வருடம் ஜீப் கம்பெனியையும் வாங்கிவிட்டது. ஒரே வீட்டில் உண்மையான ஜீப்பே இருக்கும்போது, இத்தாலியில் கையால் தட்டித் தட்டிச் செய்கிற ஜீப் யாருக்கு வேண்டும்? இது என் கணிப்பு. பணக் கணக்கு இடித்தது என்பதில் ஐயமில்லை.

1994இல் கிரைஸ்லரும் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்தோனேசியர்கள். அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் மகன் டோமியும் தொழிலதிபர் செத்தியாவான் ஜோடியும் அதன் பின்னால் இருந்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு மலேசிய நிறுவனமும் பங்கு எடுத்தது. சில வருடம் லம்போர்கினியின் சாவி இந்த வட்டாரத்தில்தான் இருந்தது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது, 1998இல் ஜெர்மனியின் ஆடி வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு இருபது வருடம் ஜீப் பேச்சே சந்தையில் வண்டியாக மாறவில்லை.

இப்ப ஓடுதே உரூஸ், அது என்ன பேரு? நாகூர் கந்தூரிக்குத்தானே உரூஸ்னு சொல்வோம்?

தெலோக் ஆயர் சாலை நாகூர் தர்காவைத் தினமும் கடந்து வேலைக்குப் போகும் ஒரு பாய் கேட்டது. சிரித்துவிட்டேன், ஆனால் நியாயமான கேள்விதான். இது வேறு உரூஸ், லம்போர்கினி இப்போது விற்கும் எஸ்யூவி. மாட்டினத்துக்கு மூதாதையான, இப்போது அழிந்துபோன ஒரு காட்டெருதின் லத்தீன் பெயர். லம்போர்கினிக்குக் காளைப் பெயர் வைப்பது வழக்கம்.

மாதிரி வண்டியை 2012 பெய்ஜிங் கண்காட்சியில் காட்டினார்கள். ஜெனீவாவில் இல்லை, பெய்ஜிங்கில். யாரிடம் விற்கப்போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. விற்பனைக்கான உரூஸ் 2017 டிசம்பர் 4 அன்று வெளியானது. 4 லிட்டர் இரட்டை டர்போ வி8, 650 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை 3.6 விநாடியில் எட்டும்.

உரூஸ் எவ்ளோ விக்குது? கணக்கு இருக்கா?

இருக்கிறது, கம்பெனியே வருடாவருடம் வெளியிடுகிறது. உரூஸ் வருவதற்கு முன், 2017இல், லம்போர்கினி உலகம் முழுக்கக் கொடுத்த கார்கள் 3,815. 2018இல் பாதி வருடம் மட்டும் உரூஸ் போனது: அது 1,761, மொத்தம் 5,750. 2019இல் உரூஸ் மட்டும் 4,962, மொத்தம் 8,205. இரண்டே வருடத்தில் கம்பெனி இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. 2023இல் மொத்தம் முதல்முறையாக 10,000ஐக் கடந்து 10,112 ஆனது, அதில் உரூஸ் 6,087.

அதாவது ஐந்து லம்போர்கினியில் மூன்று உரூஸ். இன்னொரு கணக்கு: 2023இன் வேகத்தில் ஒரு நாளைக்கு 16, 17 உரூஸ். எல்எம்002 ஏழு வருடத்தில் விற்றதை இது 18 நாளில் விற்றுவிடும்.

நடுவுல 2020ல எறங்கிருக்கே, ஜனங்களுக்குச் சலிச்சிருச்சா?

இல்லை. 2020இல் உரூஸ் 4,391க்கு இறங்கியது உண்மை. ஆனால் கோவிட் காரணமாக இத்தாலியில் தொழிற்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்த வருடம் அது. அடுத்த வருடமே 5,021, அதற்கடுத்து 5,367.

கம்பெனி சொல்வது 'கொடுத்த வண்டி' எண்ணிக்கை, 'கேட்டவர்' எண்ணிக்கை அல்ல. இப்படிப்பட்ட வண்டிகளில் வாங்குபவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். ஆகவே ஒரு வருடத்தின் எண் குறைந்தால், வாங்க ஆள் இல்லையா, செய்ய முடியவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்எம்002க்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். வாரத்துக்கு ஒன்றுக்குக் குறைவாகச் செய்யும் இடத்தில், 'ஏன் அதிகம் விற்கவில்லை' என்ற கேள்வியே பாதி தவறு.

உரூஸ் உண்மையான லம்போர்கினி இல்ல, மேல சட்ட மாட்டின ஆடிதான்னு என் கூட்டாளி சொல்றான்.

உங்கள் கூட்டாளி பாதி சரி. கீழே இருக்கும் அடித்தளம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பொது அடித்தளம். ஆடி க்யூ7, போர்ஷே கேயென், பென்ட்லி பெண்டெய்கா எல்லாவற்றுக்கும் அதே குடும்பம்தான். இன்ஜினும் குழுமத்து வி8இல் இருந்து வந்தது. எல்எம்002இல் கூன்டாஷின் சொந்த இன்ஜின் இருந்தது என்று மேலே சொன்னேன், அந்த அளவுகோலில் பழசுதான் சுத்த ரத்தம்.

ஆனால் அந்தப் பொது அடித்தளம் இல்லையென்றால் உரூஸே இல்லை. சீட்டா, எல்எம்001, எல்எம்ஏ என்று ஒவ்வொன்றுக்கும் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஆதியிலிருந்து செய்தே பழைய லம்போர்கினி களைத்துப்போனது. இப்போது அந்தச் செலவைப் பல கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மிச்சப்பட்ட காசில் உரூசுக்காக சான்ட் அகதா தொழிற்சாலையை 80,000 சதுர மீட்டரிலிருந்து 160,000ஆக்கினார்கள். சுத்த ரத்தம் வேண்டுமா, சம்பளம் வேண்டுமா என்று அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர்ல இதோட வெல ஏன் மில்லியன் தாண்டுது? சிஓஇனாலயா?

எல்லாரும் சிஓஇ, அதாவது ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் மேல்தான் பழி போடுவார்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை அது சின்ன மீன். பெரிய மீன் ஏஆர்எஃப், அதாவது கூடுதல் பதிவுக் கட்டணம். 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி, வண்டியின் சந்தை மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அடுத்ததற்கு 190, அதற்கடுத்ததற்கு 250, 80,000க்கு மேல் இருப்பதற்கெல்லாம் 320 விழுக்காடு.

கணக்குக்காக ஒரு வண்டியின் மதிப்பு 300,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் 80,000க்கு ஏஆர்எஃப் 136,000. மீதி 220,000க்கு 704,000. ஆக 840,000. தீர்வை 20 விழுக்காடு, 60,000. வண்டி மதிப்பு, தீர்வை இரண்டின் மேலும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 360,000க்கு 32,400. வண்டி விலையோடு சேர்த்தால் 1,232,400 வெள்ளி. இதில் சிஓஇ இன்னும் வரவில்லை, விற்பவரின் லாபமும் மாசுக் கட்டணமும் வரவில்லை.

அப்ப சிஓஇ எவ்ளோ? ஆடம்பர வண்டிக்கு தனி ரேட்டா?

தனி விலை கிடையாது. 1,600 சிசிக்கு மேலிருக்கும் அல்லது 97 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள பெட்ரோல் கார் எல்லாம் 'பி' பிரிவு. 2.5 லிட்டர் குடும்பக் காரும் உரூசும் ஒரே வரிசையில் நின்று ஒரே விலை கொடுக்கும். 2023 அக்டோபரில் 'பி' பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனபோது குடும்பக் கார் வாங்க இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். மேலே போட்ட கணக்கில் ஏற்கெனவே 12 லட்சம் கட்டுகிறவருக்கு அது எட்டில் ஒரு பங்குதான். சிஓஇ ஏறும்போது ஆடம்பர வண்டி விற்பனை சாதாரண வண்டி அளவுக்கு அடிபடாததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சாலை வரி வண்டியின் விலையைப் பார்ப்பதில்லை, பெட்ரோல் வண்டிக்கு சிசியைத்தான் பார்க்கும். 3,996 சிசி உரூசுக்கு வருடம் ஏறக்குறைய 3,900 வெள்ளி. இத்தனை லட்சத்துக்கு நடுவில் இது கொசு.

பத்து வருஷம் கழிச்சு ஸ்க்ராப் பண்ணா ஏஆர்எஃப்ல பாதி திரும்பி வருமாமே?

முன்பு அப்படி இருந்தது. பத்து வருடத்துக்குள் பதிவை ரத்து செய்தால் கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பகுதி திரும்பும், விலை உயர்ந்த வண்டிக்கு அது லட்சக்கணக்கில் வந்தது. 2023 பிப்ரவரி மாற்றத்தில் அதற்கு 60,000 வெள்ளி என்று வரம்பு கட்டிவிட்டார்கள். மேலே சொன்ன 840,000ஐயும் 60,000ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அதனால் பழைய விதியில் பதிவான வண்டியையும் அதற்குப் பின் பதிவானதையும் ஒரே தட்டில் வைத்து விலை பேசக்கூடாது. இரண்டாம் கை வண்டி வாங்குகிறவர்கள் பதிவுத் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கிலோமீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

நம்ம புளோக் கார்பார்க்குல நிக்குமா?

நிற்கும், ஆனால் மூக்கு வெளியே தெரியும். இங்கே கார் நிறுத்தும் கட்டத்துக்குப் பொதுவான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். உரூஸ் 5.11 மீட்டர் நீளம், கண்ணாடி சேர்க்காமலே 2 மீட்டருக்கு மேல் அகலம். பக்கத்தில் ஒரு வேன் நின்றுவிட்டால் கதவைத் திறந்து இறங்க வயிற்றை எக்க வேண்டும். உரூஸ் வாங்குகிறவர் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார் நிறுத்தத்தில் விடுவாரா என்று கேட்காதீர்கள், தோ பாயோவில் நானே ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

பழைய எல்எம்002 ஒண்ணை வாங்கி இங்க கொண்டு வர முடியுமா?

சாதாரண வழியில் முடியாது. மூன்று வயதைத் தாண்டிய பழைய காரை இங்கே இறக்குமதி செய்து பதிவு செய்ய விடமாட்டார்கள். பழம்பெரும் கார்களுக்கென்று தனித் திட்டம் உண்டு. அதற்கு வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். 1986 வண்டிக்கு அந்த வயது 2021இல் வந்துவிட்டது. வயது சரி, ஆனால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை இங்கே சாலையில் விடுவதற்கே தடை இருப்பதால் முதல் கதவிலேயே முட்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்காமல் யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

உரூஸும் கரண்டு வண்டி ஆயிடுச்சாமே?

பாதி ஆகியிருக்கிறது. 2024 ஏப்ரலில் உரூஸ் எஸ்இ என்று ஒன்று வந்தது. வி8 அப்படியே இருக்கிறது, கூடவே மின்மோட்டாரும் சொருகி ஏற்றும் மின்கலமும் வைத்து மொத்தம் 800 குதிரைத்திறன். மின்சாரத்தில் மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நம் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சத்தமில்லாமல் போய்விடலாம். லம்போர்கினி வாங்கிச் சத்தமில்லாமல் போவது யாருக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

அங்கிள், காசு இருந்தா நீங்க எத வாங்குவீங்க, பழசா புதுசா?

பாலிடெக்னிக்கில் இருந்து பயிற்சிக்கு வந்த பிள்ளை கேட்டது. எல்எம்002தான், யோசிக்கவே மாட்டேன். ஆறு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி டியூன் செய்ய இந்தப் பட்டறையில் இப்போது எனக்கும் மூத்த சீன மெக்கானிக் ஒருவருக்கும் மட்டும்தான் கை பழக்கம் இருக்கிறது. அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். "அதுக்குள்ள வாங்கிட்டு வா" என்று படத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.